கெடுங்சாரிக்குப் போகாத எறும்புகள்

2019 ஆகஸ்ட் 2 முதல் 29 வரை: மொத்தம் 84 லாரி நடை. கெடுங்சாரிக்குள் 0.
ஆகஸ்ட் 30: புதிய முறை தொடக்கம்.
செப்டம்பர்: பாதை மீறல் 9 நடை, 63 கிலோமீட்டர், 45,000 லிட்டர்.
அக்டோபர் 7: துகிரான் பணிநீக்கம்.

துகிரான் எங்கள் நிலையத்தில் பத்தொன்பது ஆண்டு தண்ணீர் லாரி ஓட்டினார். நடைப் பதிவேடு என்னுடையது. ஜாவாவின் இந்தத் தென்மலையில் மழையில்லா மாதங்களில் லாரி வந்தால்தான் தொட்டியில் தண்ணீர்.

பொறியாளர் பிமோ கணினியோடு வந்தார். எறும்புகள் போகும் வழியில் மணத்தை விட்டுச் செல்லும். பல எறும்பு போன வழியில் மணம் ஏறும், போகாத வழியில் ஆவியாகிவிடும். அதேபோலக் கணினிக்குள் ஆயிரம் எறும்புகளை ஓடவிட்டு, லாரிகளுக்குக் குறுகிய பாதை காண்பதாகச் சொன்னார். முதலில் நான்கு வாரம், லாரிகள் போன தடத்தை அவற்றில் பொருத்திய கருவி பதிவு செய்தது. அந்தத் தடம்தான் கணினி எறும்புகளுக்கு முதல் மணம்.

அது ஜாவா நாட்காட்டியில் பெசார் மாதம். அடுத்துவரும் சூரோ மாதத்தில் எங்களவர் எதையும் தொடங்கமாட்டார்கள். அதனால் அலுவலகத்துக்கு அவசரம். ஆனால் கல்யாணங்கள் எல்லாம் பெசாரில்தான். கெடுங்சாரி ஊரின் ஒரே சாலையை அடைத்து, வீடு மாற்றி வீடு பந்தல் நின்றது. அவர்களுக்கான தண்ணீரைத் துகிரான் பெரிய சாலையோரம் உள்ள பக்கத்து ஊர்த் தொட்டியில் இறக்கினார். சனங்கள் மோட்டார் சைக்கிளில் கேன் கட்டி எடுத்துப்போனார்கள். இறக்கிய தொட்டியின் பெயரைத்தான் நான் எழுதினேன். விதி அது.

புதிய பாதைப் பட்டியலைப் பார்த்ததும் துகிரான் பிமோவிடம் கேட்டார்: “மாஸ், கெடுங்சாரி முப்பத்தோரு வீட்டைக் காணோமே. உங்க எறும்பு முழுங்கிடுச்சா?”

“அந்த வழியில ஒரு லாரியும் போகல, பாக். டேட்டா அப்படித்தான் சொல்லுது,” என்றார் பிமோ. இளைஞரை மாஸ் என்றும் பெரியவரை பாக் என்றும் அழைப்பது எங்கள் வழக்கம்.

“பந்தல் போட்டிருந்தாங்கய்யா! எறும்புக்கும் பத்திரிகை வச்சிருக்கணும்போல.”

எல்லோரும் சிரித்தோம். பிமோவும் சிரித்தார். “எழுதிக் குடுங்க பாக், பாக்கலாம்.”

துகிரான் அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். பதில் வராததால், சொல்லாமலே லாரியை உள்ளே விட்டார். பட்டியலில் இல்லாத நடையைக் கணினி பிழை என்று ஒதுக்கியது, எறும்புகளுக்குக் காட்டவில்லை. ஒன்பது முறை போயும் மணம் ஏறவில்லை. பாதை மீறல் என்று வேலைதான் போனது.

பிறகு ஒருவரும் போகவில்லை. கெடுங்சாரியில் ஆடுகளை விற்றுத் தண்ணீர் வாங்கினார்கள். சார்த்தி என்ற விதவை துகிரானிடம் சொன்னாளாம்: “தண்ணி வந்துடுச்சு பாக். குடிக்கத்தான் ஆடு இல்ல.”

டிசம்பர் கடைசியில் மழை பிடித்தது. தொட்டிகள் வழிந்தன. ‘ஓட்டுநர் துகிரான் அவர்களுக்கு: தங்கள் ஆலோசனை ஏற்கப்பட்டது. கெடுங்சாரி பாதையில் சேர்க்கப்படுகிறது. தங்கள் ஒத்துழைப்பு தொடரட்டும்.’ அலுவலகத்தின் இக்கடிதம் நிலையத்துக்கு வந்த தேதி 2020 ஜனவரி 14.