வசந்தா மேடம் ஒட்டிவந்த தாள்

செம்பரம்பாக்கம் ஏரி நிரம்புகிறது என்று டிவி ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த ஒரு மழைக்காலையில் வசந்தா மேடத்தின் தங்கை போன் செய்தார். "அக்கா போயிட்டாங்க சார். நெஞ்சு வலின்னாங்க, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு." எனக்கு முதலில் துக்கம் வரவில்லை. பயம்தான் வந்தது. ஒரகடம் விடுதிச் சுவரில் இனி யார் தாள் ஒட்டுவார்கள் என்ற பயம்.

நம் கல்லூரி வேதியியல் துறையில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவர் கறாரான ஆள் என்று தெரியும். பாட்டிலில் பெயர்ச்சீட்டு கோணலாக இருந்தால்கூட முறைப்பார். நான் பின்னால் கேலி செய்திருக்கிறேன்.

கம்பெனி வேலைக்கு வந்த தென்மாவட்டத்துப் பிள்ளைகள் தங்கும் அந்த விடுதியின் போர் தண்ணீரில், பக்கத்து முலாம் பட்டறையின் குரோமியம் கலந்திருக்கிறதா என்று நாங்கள் இருவரும் ஆராய்ந்தோம். தண்ணீர் எடுத்து வருவது என் பொறுப்பு. ஷிப்ட் முடிந்து வந்தவர்களிடம் பாட்டில்களைக் கொடுத்து, நிரப்பி வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நல்ல தண்ணீர் என்று முடிவு வந்தது, ஆய்விதழில் கட்டுரையும் வந்தது. மரியாதைக்கு விடுதிக்காரருக்கு ஒரு நகல் கொடுத்தேன். அவர் அதை லேமினேட் செய்து குழாய்க்கு மேலே மாட்டி, கேன் தண்ணீரை நிறுத்திவிட்டார்.

சில மாதம் கழித்து மேடம் தாமே போய்க் குழாயில் பிடித்து வந்தார். அதில் குரோமியம் இருந்தது, குடிக்கவே கூடாத அளவில். மறுநாள் இருவரும் போய் விசாரித்தோம். பாட்டில் நிரப்பிய பரமக்குடிக்காரர் வெள்ளந்தியாகச் சொன்னார்: "வாத்தியாரு கேட்டிருக்கீக, போயும் போயும் அந்தப் போர் தண்ணியவா குடுப்போம்? எங்க கேன் தண்ணியத்தான் ஊத்திக் குடுத்தோம்."

திரும்பும்போது பஸ்ஸில் கெஞ்சினேன். கட்டுரையைத் திரும்பப் பெற்றால் என் பிஎச்டி அவ்வளவுதான். "மேடம், பேசாம புதுசா ஒண்ணு எழுதிக்கலாம்."

"அது வர்ற வரைக்கும் அவங்க எதக் குடிப்பாங்க சார்?"

அன்றே ஆய்விதழுக்குக் கடிதம் எழுதினார். தண்ணீர் எடுத்தது யார் என்று கல்லூரியில் கேட்டார்கள். "ரெண்டு பேரு பேரும் போட்டிருக்கில்ல, தப்பும் ரெண்டு பேருதுதான்" என்றார். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. விடுதிக்காரர் அசையவில்லை. "இன்னா மேடம், வெளயாடுறீங்களா? அச்சுல வந்துகீது, இப்ப வந்து இல்லன்றீங்க." மேடம் எழுதாத அலுவலகம் இல்லை. மாதாமாதம் போய், திரும்பப் பெற்ற அறிவிப்பைக் கட்டுரைக்குப் பக்கத்தில் ஒட்டுவார். அடுத்த மாதம் அது கிழிந்திருக்கும். மறுபடி ஒட்டுவார். நான் ஒரு தடவைகூட உடன் போகவில்லை. அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

காரியம் முடிந்த பிறகு தங்கை ஒரு துணிப்பை தந்தார். உள்ளே அறிவிப்பின் நகல்களும் பாதி தீர்ந்த பசை டப்பாவும். மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும் அந்த பஸ் கேள்வியும்தான்.

நேற்று போனேன். விடுதி இப்போது மூன்று கட்டடம். மூன்றிலும் குழாய்க்கு மேலே எங்கள் கட்டுரை. பசை டப்பாவைத் திறக்கும்போது, ஷிப்ட் முடிந்து வந்த ஒருவர் குழாயில் டம்ளரைப் பிடித்து நீட்டினார். "நனைஞ்சு வந்திருக்கீக, மொதல்ல தண்ணி குடிங்க சார். நல்ல தண்ணி, செவுத்துலயே போட்டிருக்கு பாருங்க."

வாங்கிக் கீழே கொட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது.

"யாரு சார் நீங்க?"

கட்டுரையில் மேடத்தின் பெயருக்குக் கீழே இருந்த பெயரைத் தொட்டுக் காட்டினேன்.