பதினைந்து டிகிரி

மகள் இயற்பியல் நோட்டில் θ = 15° என்று மட்டும் எழுதியிருந்தாள். எரிச்சல் வந்தது. இன்னொரு விடை எங்கே?

பிளஸ் டூவில் நானும் இப்படித்தான். கோம்பையில் எங்கள் தோட்டத்தில் கடைசி வரிசைத் திராட்சைக் கன்றுகள் வாடிக் கிடந்தன. ஓஸ் குழாய் அதுவரை எட்டவில்லை. தண்ணீரின் வேகம், தூரம் எல்லாம் போட்டுப் பார்த்ததில் sin 2θ அரை என்று வந்தது.

“பதினஞ்சு டிகிரியில பிடிங்கப்பா.”

அப்பா பீய்ச்சினார். நடுவில் கொடி கட்டிக்கொண்டிருந்த சித்தப்பா முழுக்க நனைந்தார்.

“ஏத்தா, என்ன கணக்கு இது?”

150 டிகிரிக்கும் சைன் அரைதான், அதில் பாதி 75 என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“எழுபத்தஞ்சும் வரும்னு டீச்சர் சொன்னாக சித்தப்பா!”

அப்பா ஓஸைத் தூக்கினார். தண்ணீர் கொடிப்பந்தலில் மோதி எங்கள் தலையிலேயே கொட்டியது. கணக்கில் பந்தல் இல்லை. மூவரும் கத்திக்கொண்டிருந்தபோது அம்மா காலிக் குடத்தோடு வந்தார்.

“நீங்க கணக்கப் போட்டு முடிங்க. நான் கன்னுக்கெல்லாம் ஊத்திட்டேன்.”