செம்மொழி சொன்ன புயல் கதை

ஒரத்தநாட்டுப் பக்கம் அறுவடை மிஷின் ஓட்டும் அறிவுச்செல்வனுக்குத் தஞ்சாவூரில் வேறு பெயர்: 'புயல் அண்ணன்'. அங்கே ஷோபனா மாதந்தோறும் நடத்தும் கதை மேடையில் தன் வாழ்க்கையில் நடந்ததை யாரும் சொல்லலாம். பொய் மட்டும் கூடாது. கஜா புயலுக்கு மறுநாள், தனக்கு நிச்சயம் செய்திருந்த பெண்ணைத் தேடி, விழுந்து கிடந்த மரங்களுக்கு மேல் பைக்கைத் தூக்கிக்கொண்டு வேதாரண்யம் போய்ச் சேர்ந்ததை அவன் சொல்வான். "என்னைப் பாத்ததும் மூஞ்சிய மூடிக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதா" என்று முடிக்கும்போது கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்.

அந்தப் பெண் செம்மொழி, இப்போது அவன் மனைவி, ஒருமுறை அவனோடு வந்தாள். அன்று சுவாமிமலையிலிருந்து கதை சொல்ல வரவேண்டியவர் வரவில்லை. "வேற யாராச்சும் பேசுறீங்களா?" என்றாள் ஷோபனா. செம்மொழி கையைத் தூக்கினாள்.

"புயல் அடிச்சப்ப நான் எங்க இருந்தேன்னு அவருக்குத் தெரியாதுங்க" என்று ஆரம்பித்தாள். "கூரை பறந்துருச்சு. பக்கத்து வீட்டு ஆமினா புதுசா கட்டுன கக்கூசுக்குத்தான் கான்கிரீட் மேல்தளம். அதுல இன்னும் யாரும் போகல. ரெண்டு பேரும் உள்ள போய்க் கதவை அழுத்திப் பிடிச்சுக்கிட்டோம். கையில இருந்தது மாப்பிள்ளை வீட்டுக்குச் சுட்ட முறுக்கு டின்னு ஒண்ணுதான். 'சாகத்தானே போறோம், தின்னுட்டுச் சாவோம்'னா ஆமினா. வெளிய காத்து கத்துது, உள்ள நாங்க நொறுக்குற சத்தம். விடிஞ்சா டின்னு காலி, நாங்க உசுரோட இருக்கோம். அப்ப இவரு வந்து நின்னு, 'சாப்பிட்டியா'ன்னாரு. எனக்கு வந்தது சிரிப்பு. மூஞ்சிய மூடிக்கிட்டேன்."

அரங்கம் சிரிப்பில் வெடித்தது. இவ்வளவு பெரிய கைத்தட்டலை அறிவுச்செல்வன் வாங்கியதே இல்லை. அவன் கை எழவில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றான், திரும்பி வரும் வழியில்.

"எப்ப ஆரம்பிச்சாலும் நீங்க பைக்கத் தூக்கிடுறீங்களே."

அடுத்த மாதம் ஷோபனா அழைத்தது செம்மொழியைத்தான். வேலை இருக்கிறது என்று சொல்லி அவன் வீட்டில் தங்கிவிட்டான். யாரோ அனுப்பிய வீடியோவில் அவள் பாதி வாக்கியத்தில் நிறுத்திக் கூட்டத்தைக் காக்க வைப்பதைப் பார்த்தான். எங்கே கற்றாள் இதை? திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தான்.

அதற்கடுத்த மாதம் வீம்பாக மேடையேறி, பழைய கதையையே எடுத்தான். 'குலுங்கிக் குலுங்கி' என்றதும் கூட்டம் சிரித்தது. அவன் கதையை நிறுத்தினான். முன்வரிசையில் இருந்தவளைப் பார்த்துக் கேட்டே விட்டான்:

"அப்ப நீ அழவே இல்லையா?"

"அழுதேங்க" என்றாள் செம்மொழி. "நீங்க ஆமினா வீட்டுக் கூரை ஓடுகளப் பொறுக்கிக் குடுக்கப் போனீங்களே, அப்ப."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு எழுந்த கைத்தட்டலும் அவளைப் பார்த்துத்தான் எழுந்தது. அவன் இறங்கி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அடுத்த மாசமும் பேசப்போறியா?"

"ஆமாங்க."

அவனுக்கு வயிறு எரிந்தது. "என்ன கதை?" என்று கேட்டான்.