கறிவேப்பிலை மூடிய கார்

ஐம்பதுகளில் அமெரிக்காவில் சில கார்களைச் செய்தார்கள். விற்பதற்கு அல்ல, கண்காட்சியில் நிறுத்தி ஊரை வாய் பிளக்க வைப்பதற்கு. வடிவமைத்தவர்களுக்குப் போர் விமானங்கள் மேல் தீராத ஆசை. பின்னால் விமானத்து வால், முன்னால் விமானத்து மூக்கு, ஓட்டுபவர் தலைக்கு மேலே கண்ணாடிக் குமிழ். முதலில் முழுக் காரையும் களிமண்ணில் பிடித்துப் பார்ப்பார்களாம். நூலகத்துப் புத்தகமொன்றில் அவற்றைப் பார்த்ததிலிருந்து, பத்து வயதான எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. பள்ளிக் கண்காட்சிக்கு அப்படி ஒன்றைச் செய்தே தீருவது என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பல் பகுதியில் எங்கள் வீடு ஓர் அறையும் ஒரு கூடமும். போர் முடிந்து வன்னியிலிருந்து வந்து சேர்ந்த சித்தப்பா கூடத்தில்தான் படுப்பார். அங்கேயே தரையில் உட்கார்ந்து களிமண்ணைப் பிசைந்தேன். வால் இரண்டும் விழுந்துகொண்டே இருந்தன. தீக்குச்சி செருகி நிமிர்த்தினேன். கூரைக்கு, ரூ பெர்தொனே தெருக் கடையில் குடித்த ஃபலூடாவின் குமிழ் மூடி அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

சித்தப்பா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, மேலை முழுக்கக் கண்ணாடியோ?"

"ஓம் சித்தப்பா. உள்ளுக்கை இருந்து வானத்தைப் பாக்கலாம்."

"வானத்திலை இருந்தும் உள்ளுக்கை பாக்கலாமெல்லோ," என்றார்.

பெரியவர்களுக்கு அழகு புரியாது என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை, தாளிக்கக் கறிவேப்பிலை தேடிய அம்மா கூடத்தைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். என் காரின் கூரையிலும் வாலிலும் ஓர் இடம் விடாமல் இலை ஒட்டியிருந்தது. எனக்கு ஆத்திரம் பொங்கியது. அழுதுகொண்டே ஒவ்வொன்றாகப் பிய்த்தேன். நான் பிய்த்துப் போட்டதைச் சித்தப்பா பொறுக்கிப் பொறுக்கி மறுபடி ஒட்டினார். "இப்பிடியே வெளியிலை கொண்டுபோகாதை, பிள்ளை," என்று கெஞ்சினார். நானா கேட்பேன்! கூரையைப் பளபளவென்று துடைத்து, இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு தெருவில் இறங்கினேன். பள்ளி வாசல் வரைக்கும் அவர் அண்ணாந்து பார்த்தபடியே பின்னால் வந்தார்.

பள்ளியில் எல்லோரும் என் காரைச் சுற்றி நின்றார்கள். என் பிடிவாதம் வென்றது என்ற பெருமை எனக்குப் பல வருடங்கள் இருந்தது.

வன்னியில் சித்தப்பா வாடகைக்கு வான் வண்டி ஓட்டினார் என்பதையும், குண்டு போடும் விமானத்தின் கண்ணில் படாமலிருக்க அதை இலை தழையால் மூடித்தான் தெருவில் இறக்குவார் என்பதையும் நான் வளர்ந்த பிறகு அம்மா சொன்னார். சித்தியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய அந்த ஒரு நாள் மட்டும், அவசரத்தில் மூடவில்லையாம்.

வீட்டில் சித்தப்பா இருக்கிறார், சித்தி ஏன் இல்லை என்று எனக்கு அதுவரை கேட்கத் தோன்றவே இல்லை.