தேத்தண்ணீர் ஆறுமுன் எத்தனை கடிகாரம்

செவ்வாய்க்கிழமை காலை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பதுளை ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் பெண் ஒருத்தி வகுப்பு வாசலில் வந்து நின்று, "சிவபாக்கியம் டீச்சரோட தங்கச்சி யாருங்க?" என்று கேட்டாள். டீச்சருக்குத் தங்கை கிடையாது. யாழ்ப்பாணத்தில் ஒரே ஒரு தமையனார் மட்டும் இருக்கிறார். நான் தெமோதரைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவளின் மகள். அவருக்கும் எனக்கும் ஊர் வேறு, சாதிசனம் வேறு, பேச்சுக்கூட வேறு. அப்படியிருந்தும் வார்ட்டில் என்னைத் தங்கை என்று சொல்லி வைத்திருந்தார் என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்குத் தெரிந்தது. "நான்தான்" என்றேன். டீச்சர் விடியற்காலையில் போய்விட்டார் என்று அவள் சொன்னாள். பிள்ளைகள் வாய்ப்பாட்டை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

டீச்சரை அறிந்தவர்கள் பதுளையிலும் பண்டாரவளையிலும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அவரைப் பற்றிக் கேட்டால் கணக்குப் படிப்பித்ததையும் பிரம்பைத் தொடாததையும் பிறகுதான் சொல்வீர்கள். முதலில் கடிகாரத்தைத்தான் சொல்வீர்கள். திங்கட்கிழமை கட்டி வந்த கடிகாரத்தைச் செவ்வாய்க்கிழமை அவர் கையில் யாரும் கண்டதில்லை. கல்யாணம் கட்டாத பெண், சம்பளத்தில் ஒரு சங்கிலி, ஒரு காப்பு என்று சேர்க்காமல் கடிகாரம் சேர்க்கிறாளே என்று ஆசிரியர் அறையில் பேசாத வாய் இல்லை. அந்த வாய்களில் என்னுடையதும் ஒன்று.

சுதந்திரம் கிடைத்த வருடம் நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்த பிள்ளை டீச்சராக வந்தால் எங்கே குடியிருக்க வைப்பது என்று எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தன் வாடகை வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது என்று சொன்னவர் டீச்சர். அன்றிரவே கடிகாரங்களைக் காட்டினார். முதலாவதைத் தன் முதல் சம்பளத்தில் வாங்கினாராம். "அண்ணையிட்ட நேரம் கேட்டுக் கேட்டு வளர்ந்தனான், பிள்ளை. ஒரு நாளும் உடனை சொல்ல மாட்டார்" என்றார். அதற்கு மேல் அவர் விளக்கம் சொன்னதுமில்லை, நான் கேட்டதுமில்லை.

அப்போது துரைமார் ஒவ்வொருவராகச் சீமைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பங்களாச் சாமான்கள் ஏலத்துக்கு வரும். கட்டில், பியானோ, நாய்க்கூடு எல்லாம் போன பிறகு, ஒரு தட்டில் துரைசானியின் பழைய கைக்கடிகாரம் கிடக்கும். டீச்சர் அதற்காகவே பஸ் ஏறிப் போவார். பஜாரில் கடிகாரம் திருத்தும் முஸ்லிம் நானாவும் நல்லதாக ஒன்று வந்தால் ஆளனுப்பிச் சொல்வார். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒருத்திக்கு இருப்பது இரண்டு கை, அதிலும் ஒன்றில்தான் கட்டுகிறீர்கள், எத்தனைதான் வேண்டும் உங்களுக்கு என்று ஒரு நாள் கேட்டே விட்டேன். டீச்சர் கோபிக்கவில்லை. நியாயமான கேள்வி என்று எடுத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தார். யோசித்துவிட்டு வந்து சொன்ன தீர்ப்பு இது:

"காலமைத் தேத்தண்ணி ஆறமுன்னம் எத்தினைக்குச் சாவி குடுக்க ஏலுமோ, அத்தினைதான் என்ர. மிச்சம் தகரம்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். டீச்சர் எதையும் விளையாட்டுக்குச் சொல்கிறவரல்ல. மறுநாள் காலையிலிருந்து அது சட்டமாகிவிட்டது. மெல்லிய பீங்கான் கோப்பையில் தேத்தண்ணீரை ஊற்றி வைப்பார். கடிகாரங்களை வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றையும் காதருகே பிடித்து, கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் சாவியைத் திருகுவார். அவசரப்படக்கூடாது, அவசரப்பட்டால் வில் அறுந்துபோகும். எல்லாம் முடிந்து கோப்பையை எடுத்துக் குடிக்கும்போது சூடு இருக்க வேண்டும். இப்படிப் பார்த்ததில் பதுளையில் ஒன்பது கடிகாரம் சரிவந்தது. பத்தாவதாக ஒன்றை ஆசைப்பட்டு வாங்கிவந்த காலையில் தேத்தண்ணீர் பச்சைத் தண்ணீராகிவிட்டது. அதை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். மாலையில் திரும்பி வந்தபோது கடிகாரங்களில் ஒன்று குறைந்திருந்தது. புதிதாகக் கல்யாணம் கட்டியிருந்த பியூனின் மனைவிக்குக் கொடுத்துவிட்டிருந்தார்.

எங்களுக்குள் நடந்த ஒரே சண்டையும் கடிகாரத்தால்தான் வந்தது. ஒன்பது சேருமுன் ஒரு சனிக்கிழமை, நானாவின் கடையிலிருந்து சட்டைப்பைக் கடிகாரம் ஒன்றை வாங்கிவந்து மேசையில் வைத்தார். மூடியில் யானை செதுக்கியிருந்தது. பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அது எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் கடிகாரம். காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் பதியும் பெரட்டுக் களத்தில், அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அவர் நிற்பார். நேரம் தாண்டிவிட்டால் மூடியை டக்கென்று மூடுவார். அந்தச் சத்தத்துக்குப் பிறகு வந்தவர்களுக்கு அன்றைக்கு வேலை இல்லை, பேர் இல்லை. வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளைக்காம்பராவில் என்னை விட்டுவிட்டு மலையேறி ஓடிவரும் அம்மாவை அந்தச் சத்தம் எத்தனையோ நாள் திருப்பி அனுப்பியிருக்கிறது. கணக்கப்பிள்ளை செத்த பிறகு யாரோ கொண்டுவந்து விற்றிருக்கிறார்கள். இது இந்த வீட்டில் இருந்தால் நான் இருக்கமாட்டேன் என்று கத்தினேன். அழுதேன். என் அம்மாவின் வயிற்றெரிச்சலை ஏன் காசு கொடுத்து வாங்கி வந்தீர்கள் என்று கேட்கக்கூடாததையும் கேட்டேன்.

டீச்சர் நான் முடிக்கும்வரை கேட்டார். பிறகு அந்தக் கடிகாரத்தை எடுத்துச் சாவியை இழுத்து, முள்ளைக் கால் மணி நேரம் பின்னுக்குத் தள்ளினார். "இனி இது எப்பவும் பிந்தித்தான் ஓடும். உன்ர அம்மா ஆறுதலா வந்து சேரட்டும்" என்றார்.

அன்றைக்கு நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுத அழுகை வேறு. நான் வீட்டை விட்டுப் போகவில்லை. அந்தக் கடிகாரமும் போகவில்லை. நேரம் சரியாக இல்லையென்றால் ஒரு நொடியும் பொறுக்காத டீச்சர், அதை மட்டும் ஒவ்வொரு காலையும் கால் மணி பிந்தவைத்தே சாவி கொடுத்தார்.

பிறகு டீச்சருக்குப் பண்டாரவளைக்கு மாற்றம் வந்தது. நான் சனிக்கிழமைகளில் ரயிலேறிப் போய் ஞாயிறு மாலை திரும்புவேன். முதல் தடவை போனபோதே டீச்சரின் முகம் சரியில்லை. புதுப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லையோ என்று பயந்தேன். "இந்த ஊர்த் தேத்தண்ணி பொல்லாதது, பிள்ளை. வாயில வைக்கமுன்னம் ஆறிப்போகுது" என்றார். பனி இறங்கும் ஊரில் கோப்பைச் சூடு எப்படி நிற்கும்? எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சட்டம் போட்டது நீங்கள்தானே, ஊருக்கேற்றபடி கொஞ்சம் மாற்றிக்கொண்டால் என்ன என்றேன். அவர் கேட்பதாக இல்லை. "அப்ப மட்டக்களப்புக்கு மாத்தல் கேளுங்க டீச்சர். அங்க அடிக்கிற வெயில்ல கடிகாரக் கடையே வைக்கலாம்" என்று கிண்டல் செய்தேன். அவரும் சிரித்தார். அடுத்த மாதம் போனபோது ஒன்பது ஆறாகியிருந்தது.

குளிர்தான் காரணம் என்று இருவரும் சொல்லிக்கொண்டோம். குளிர் மட்டும் காரணமல்ல என்று இருவருக்குமே தெரியும். டீச்சரின் விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கியிருந்தன. வாதம் என்றார் டாக்டர். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்கா. வெந்நீரில் போட்டு எடுத்தபிறகுதான் சாவியைப் பிடிக்கவே வரும். நான் சாவி கொடுக்கிறேன், நீங்கள் உட்கார்ந்து பாருங்கள் என்று கெஞ்சினேன். "நீ சாவி குடுத்தால் அது உன்ர மணிக்கூடு" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். மனம் கேட்கவில்லை. பதுளை பஜாரில் தடித்த கோப்பை ஒன்றை மூடியோடு வாங்கிப் போய், சத்தமில்லாமல் அதில் தேத்தண்ணீரை ஊற்றி வைத்தேன். இன்னும் ஒன்றிரண்டு கடிகாரமாவது அவரிடம் தங்கட்டுமே என்ற நப்பாசைதான். டீச்சர் கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கள்ளி. தேத்தண்ணிக்கு லஞ்சம் குடுக்கிறாய்" என்றார். தேத்தண்ணீரைத் தன் பழைய கோப்பைக்கு மாற்றி ஊற்றினார். ஊற்றும்போது விரல் மடங்காமல் மேசையெல்லாம் சிந்தியது. துடைப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆறு மூன்றாயிற்று. கலாசாலைக்குப் போன மாணவிக்கு ஒன்று, வீட்டுக்காரியின் மகளுக்கு ஒன்று என்று ஒவ்வொன்றாகப் போனது. கொடுத்த நாளில் டீச்சர் சரியாகச் சாப்பிடமாட்டார். எனக்கு ஒன்றுகூடத் தரவில்லை என்பது உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. கடிகாரத்துக்கு ஆசைப்பட்டு அல்ல. ஊரில் உள்ளவர்கள் எல்லாரும் நினைவுக்கு வருகிறார்கள், நான் மட்டும் வரவில்லையா என்றுதான். ரயிலுக்கு நடக்கும் வழியில் ஒரு நாள் வாய்விட்டே கேட்டேன். டீச்சர் நின்றுவிட்டார். "உனக்குத் தந்தால் நான் வந்து வந்து பாப்பன். பாத்துக்கொண்டிருந்தால் அது குடுத்ததாகாது" என்றார்.

போன மாதம் நெஞ்சுவலி என்று பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது மிஞ்சியிருந்தது யானை மூடிக் கடிகாரம் ஒன்றுதான். அதன் சாவி பெரியது. வளைந்த விரலுக்கும் பிடிபடும். வார்ட்டில் கொடுக்கும் தேத்தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த ஒன்றோடு மல்லுக்கட்டுவார். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, அம்மாவைக் கூட்டிவா என்றார். அம்மா இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்து, கட்டிலருகே உட்காரத் தயங்கி நின்றாள். டீச்சர் தலையணைக்கு அடியிலிருந்து கடிகாரத்தை எடுத்து நீட்டினார். அம்மா யானையைப் பார்த்ததும் ஓர் அடி பின்வாங்கினாள்.

"எனக்கு மணி பாக்கத் தெரியாதுங்களே, டீச்சரம்மா."

"பாக்கத் தேவையில்லை. இது பிந்தித்தான் ஓடும். நீங்கள் ஓடிவர வேண்டாம், ஆறுதலா வாங்கோ."

அம்மா சேலைத் தலைப்பில் வாங்கி, முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். என்ன சொன்னார் என்பது அவளுக்கு முழுதாக விளங்கியதோ என்னவோ, டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். எனக்கோ வேறொன்று விளங்கிவிட்டது. என் வீட்டுக்குப் போகும் கடிகாரத்தைத் தான் வந்து வந்து பார்ப்பேன் என்று சொன்னவர் அவர். அதையே எங்கள் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார் என்றால், இனி வரப்போவதில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. வராந்தாவுக்கு ஓடிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா வந்து, பசிக்கிறதா என்று கேட்டாள்.

சவஅடக்கத்துக்குத் தமையனார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார். எல்லாம் முடிந்த பிறகு என்னைக் கூப்பிட்டு, "நீர் ஆர்?" என்று கேட்டார். கூடப் படிப்பித்தவள் என்றேன். தன் தங்கச்சியிடம் கனக்க மணிக்கூடுகள் இருந்ததாகக் கேள்வி, எத்தனை என்று கேட்டார். ஒன்றும் இல்லை, கடைசியாக இருந்ததையும் தன் கையால் கொடுத்துவிட்டார் என்றேன். அவர் என் வெறும் மணிக்கட்டைப் பார்த்தார். நம்பினாரா தெரியவில்லை. அதற்காக நான் கவலைப்படவும் இல்லை.

ஆனால் நான் அவருக்குச் சொன்னது முழு உண்மையல்ல. திங்கட்கிழமை மாலை, ஆஸ்பத்திரியில் நோயாளர்களைப் பார்க்கும் நேரத்தில், கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். டீச்சர் கண்ணை மூடிக்கிடந்தார். கூப்பிட்டால் பதில் இல்லை. போர்வைக்கு மேலே கிடந்த வலது கையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் மட்டும் ஒன்றையொன்று உரசிக்கொண்டிருந்தன. நோயின் வேகத்தில் அப்படி வரும் என்று தாதி சொன்னாள். நான் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெதுவாகத் திருகும். நிற்கும். கை சற்றுத் தள்ளிப் போகும். மறுபடி திருகும். ஒன்றை முடித்து அடுத்ததை எடுக்கிறார். பியூன் மனைவிக்குப் போனது, கலாசாலை மாணவிக்குப் போனது, நான் கண்ணால் காணாதவை எல்லாம் அந்தப் போர்வைமேல் இருந்தன. கொடுத்தது எல்லாம் சட்டத்துக்காக. அவர் ஒன்றையும் விட்டிருக்கவில்லை.

எண்ணத் தொடங்கினேன். பிறகு விட்டுவிட்டேன். இவ்வளவு காலமும் எத்தனை வேண்டும், எத்தனை வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தவள் நான். இனி எண்ண எனக்கு வாய் வரவில்லை. வெளியே போகச் சொல்லி மணி அடித்தார்கள். விரல்கள் இன்னும் முடிக்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

டீச்சரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த விரல்களின் அசைவு ஒன்றுதான். அதை யாரிடமும் காட்ட முடியாது, யாருக்கும் கொடுக்கவும் முடியாது. வேறு எதுவும் எனக்கு வேண்டியதில்லை, டீச்சரைத் தவிர.