நீல இழை ஓடிய பட்டை

செந்தெத்தியேன் என்ற பிரெஞ்சு ஊரில் பாதிப்பேர் ரிப்பன் நெய்தார்கள், மீதிப்பேர் துப்பாக்கி செய்தார்கள். அந்தெல்ம் நெசவுக்காரன். ஆனால் பத்து வருடமாக அவன் தறிக்குச் சோறு போட்டது துப்பாக்கிதான். இயந்திரத் துப்பாக்கிக்குள் தோட்டாக்களை வரிசையாக இழுத்துச் செல்லும் துணிப்பட்டையை அவன் நெய்து கொடுத்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருடம் அதற்கும் எமன் வந்தான். புதிய விமானத் துப்பாக்கியை இறக்கைக்குள் வைத்தார்கள். அங்கே பட்டை சிக்கினால் விமானியின் கை எட்டாது. உயரே போனதும் குளிரில் துணி விறைத்துச் சிக்கவும் செய்தது.

துப்பாக்கிப் பட்டறையில் வேலை பார்த்த பெனுவா, அந்தெல்முக்குச் சின்ன வயதுச் சிநேகிதன், அவன் மகளுக்கு ஞானத்தகப்பன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒயின் பாட்டிலோடு வந்தான்.

"துணி எங்கெங்க மக்கர் பண்ணுதுன்னு பாத்து எழுதிக் குடுடா. நீ சரி பண்ணு, மேல கொண்டுபோய்ச் சேக்குறது என் பொறுப்பு."

அந்தெல்ம் நம்பினான். பீர் ஆலையின் ஐஸ் அறையில் மூன்று மாதம் கிடந்தான். பதினேழு பட்டைகள் விறைத்தன. ஒவ்வொன்றும் ஏன் தோற்றது என்று தன் கையாலேயே எழுதினான். பதினெட்டாவதை மெழுகு நூலில் நெய்து, அடையாளத்துக்கு ஓரத்தில் ஒரு நீல இழை ஓட்டினான். இரண்டு நாள் ஐஸில் கிடந்தும் அது விரலில் சுற்றினால் சுற்றிக்கொண்டது. பதினெட்டையும் பெனுவாவிடம் கொடுத்தான்.

வசந்தத்தில் விமானப்படையிலிருந்து கடிதம் வந்தது. துணி வேண்டாம், தோட்டாக்களைக் கோக்க இரும்புக் கண்ணி போதும் என்று முடிவாகியிருந்தது. கண்ணியைச் செய்தவன் பெனுவா. அந்தெல்மின் மனைவி அப்போதே அவனைச் சந்தேகப்பட்டாள். அந்தெல்ம் அவள்மேல்தான் எரிந்து விழுந்தான். தன் நெசவுதான் போதவில்லை என்றான். பெனுவாவுக்குப் பதவி உயர்ந்தபோது விருந்துக்குப் போய்க் கோப்பையும் உயர்த்தினான். பிறகு தறியை விற்றுவிட்டு நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனான்.

அடுத்த குளிர்காலத்தில் இருவரும் மலைக்கு முயல் வேட்டைக்குப் போனார்கள். பனியில் அந்தெல்மின் துப்பாக்கித் தோல்வார் பலகையாக விறைத்திருந்தது. பெனுவாவின் பையைத் தாங்கிய வார் மட்டும் துவண்டு தொங்கியது. அதன் ஓரத்தில் நீல இழை.

"தோத்த பதினேழ மட்டும் காட்டிட்டு, பதினெட்டாவத நீ அவங்ககிட்ட காட்டவே இல்லையா?"

பெனுவா ரொட்டியைக் கிள்ளிக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தவில்லை.

"காட்டியிருந்தா எடுத்துக்கிட்டிருப்பாங்கடா. அப்புறம் என் கண்ணிய யாரு சீண்டுவா?" வாரைத் தடவிப் பார்த்தான். "நல்ல வேலைடா. இன்னும் ஒரு நூல் பிரியல."

கூட இருந்தே குழி பறித்தவன், குழியின் அழகையும் மெச்சினான். காலையில் அந்தெல்ம் அடித்த முயலும் அந்தப் பைக்குள்தான் கிடந்தது. அதைக் கேட்டு வாங்காமலே மலையிறங்கினான்.