ஈப்போவுக்குப் போகும் வேன்

எங்கள் தேயிலை எஸ்டேட்டில், பக்கத்து லயத்தின் வரிசை வீடுகள் ஒன்றில் ஓர் அம்மா இருந்தார். வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். ஒருநாள் மத்தியானம் வாசலில் நின்றபடி என்னிடம் கேட்டார்: "இந்த வருஷம் பனி ஏன் வெலகவே மாட்டேங்குது?"

எதிர்மலை முழுக்க வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அவருக்குக் கண்ணில் பூ விழுந்து, சில வருஷமாகவே பார்வை மங்கிக்கொண்டு வந்தது. எங்கள் எஸ்டேட்டில் வயதான இன்னும் சிலருக்கும் கண்புரை இருந்தது. அறுவைக்கு மலையிறங்கி ஈப்போ போகவேண்டும். பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலையில் இருந்தார்கள். கண் மங்கிய ஒருவர் தனியாக பஸ் மாறிப் போவது நடக்கிற காரியமில்லை.

நான் எஸ்டேட் பாலர் பள்ளியில் ஆசிரியை. எனக்குத் துணை ஓர் அக்கா. திரிங்காப் தோட்டங்களிலிருந்து காய்கறி ஏற்றி வேன் ஓட்டுபவர். அவர் மாதா கோயிலுக்குப் போவார், நான் மாரியம்மன் கோயிலுக்கு. இருவரும் சேர்ந்து ஒரு சின்னச் சங்கம் நடத்திவந்தோம். கோலாலம்பூரில் ஓர் அறவாரியம் இதுபோன்ற சங்கங்களுக்கு மானியம் தருவதாகக் கேள்விப்பட்டு, இவர்களை ஈப்போவுக்கு அழைத்துப்போக ஒரு வேனும் கூடப் போக ஓர் ஆளும் கேட்டு விண்ணப்பிக்க உட்கார்ந்தோம்.

இந்தத் திட்டத்தால் என்ன மாற்றம் வரும் என்று ஒரு கேள்வி இருந்தது.

"கண்ணு தெரியும்னு எழுதுலா. வேற என்னத்த எழுதுறது?" என்றார் அக்கா.

"அவ்ளோதான் எழுதுனா காசு யாரு கொடுப்பா, அக்கா?"

இணையத்தில் தேடிப் பெரிய பெரிய வார்த்தைகளாகப் பொறுக்கி நிரப்பினேன். வாசித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. சில வாரங்களில் பதில் வந்தது. திட்டம் என்னவென்று தெளிவாக இல்லை, அடுத்த சுற்றில் மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்றிருந்தது. நான் சோர்ந்துபோனேன்.

"செவ்வாக்கெழம ஈப்போவுக்கு முட்டைக்கோஸ் போவுது. முன்னால மூணு பேரு உக்காரலாம். அந்தம்மாவ வரச்சொல்லு" என்றார் அக்கா.

அப்படித்தான் முதல் பயணம் நடந்தது. பள்ளி விடுமுறை. விடியும் முன்பே கிளம்பினோம். வழியிலிருந்த கியா பார்ம் கடைகள் இன்னும் திறக்கவில்லை. வேனின் விளக்கு பனிக்குள் கொஞ்ச தூரம் போய்க் கரைந்தது. பாதை எங்களுக்குக் கீழே தானாக நகர்வது போலவும் நாங்கள் சும்மா மிதந்துகொண்டிருப்பது போலவும் இருந்தது. அந்த அம்மா என் தோளில் சாய்ந்து கண்மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

"கனவுல மட்டும் எல்லாம் பளிச்சுனு தெரியுது" என்றார் திடீரென்று. "எல கூட ஒண்ணொண்ணாத் தெரியுது. முழிச்சாத்தான் இப்படி."

அக்கா வேகத்தைக் குறைத்து வளைவில் திரும்பினார்.

அன்று பரிசோதித்துவிட்டு அறுவைக்கு நாள் கொடுத்தார்கள். அந்த நாளிலும் காய்கறியோடுதான் போனோம். அறுவை முடிந்து அக்காவின் சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். மறுநாள் ஆஸ்பத்திரியில் கண்கட்டைப் பிரித்தார்கள். அந்த அம்மா சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பிறகு என்னை வெகுநேரம் பார்த்தார்.

"நீயாலா இது? கொரல வச்சுச் சின்னப் பொண்ணுன்னுல நெனச்சுக்கிட்டிருந்தேன். தல இப்படி நரைச்சுக் கெடக்கு!"

அக்கா சிரித்த சிரிப்பில் தாதி ஓடிவந்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

இரண்டாம் முறை விண்ணப்பித்தபோது நடந்ததை மட்டும் எழுதினேன். முட்டைக்கோஸ், வளைவுகள், அந்த அம்மா சொன்னது எல்லாம். லயத்தில் இணைய லைன் கிடைக்காது. தேயிலை ஃபேக்டரிக்கு மேலே மேட்டில் வேனை நிறுத்தி, மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு அனுப்பினோம். திரையில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. திறந்த ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தது. கீழே தேயிலைச் சரிவு ஒரு கணம் தெரியும், மறுகணம் இருக்காது. அந்த மலையில் எங்களையும் அந்த வட்டத்தையும் தவிர எதுவுமே இல்லை என்று தோன்றியது. போய்ச் சேர்ந்ததா என்று அக்கா கேட்கவில்லை. நானும் சொல்ல மறந்துவிட்டேன்.

அறவாரியத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தார். "பணம் கெடச்சா எப்ப ஆரம்பிப்பீங்க?"

"ஆரம்பிச்சிட்டோம்மா" என்றேன்.

"அப்போ சீக்கிரம் பாக்குறோம்" என்றார் அந்தப் பெண்.

ஓராண்டுக்கு வேன் வாடகையும் துணைக்கு வருபவரின் சம்பளமும் கிடைத்தது. சாப்பாட்டுச் செலவை ஏற்கவில்லை. மாரியம்மன் கோயில் பெண்களும் மாதா கோயில் பெண்களும் முறைவைத்துச் சோறு கட்டிக்கொடுக்கிறார்கள்.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் நல்ல இருக்கைகள் உள்ள வேன் ஒன்று லயத்துக்கு வருகிறது. விடுமுறை கிடைத்தால் நானும் ஏறிக்கொள்வேன். பாதி வழியில் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். அடிவாரம் நெருங்க நெருங்கக் காற்று வெதுவெதுப்பாகும். தூக்கம் கலையாமலே, ஒருவர் பின் ஒருவராக, ஸ்வெட்டர் பொத்தான்களைக் கழற்றத் தொடங்குவார்கள்.